போத்தலின் திகதியும் தகரக் கூரையின் வெப்பமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அன்புவழிபுரத்தில் வாழும் குடும்பமாயினும் சரி, குடாவுக்கு அப்பால் கிண்ணியாவிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ வயல் செய்யும் குடும்பமாயினும் சரி, அவர்களது வீட்டுக் கோடியில் அல்லது கொட்டிலில் இன்று இரசாயனப் போத்தல்கள் சில இருக்கவே செய்கின்றன. வயலுக்குரிய களைநாசினி, தோட்டத்துக்குரிய பூச்சிநாசினி, கழிவறை கழுவும் அமிலம், கிணற்றுக்கு இடுவதற்காக வாங்கி மீதியான ரி.சி.எல். தூள் என அவை பலவகை. இவை எவ்வளவு காலமாக அங்கு இருக்கின்றன, எந்தப் பாத்திரத்தில் இருக்கின்றன, எவ்வளவு வெப்பத்தைத் தாங்கியுள்ளன என்ற கேள்விகளை வாங்கியவரும் கேட்பதில்லை, விற்றவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கடப்பாடுடைய அரச நிறுவனங்களோ அக்கேள்வியைப் பதிவு செய்யும் நாளில் ஒரு தடவை கேட்டுவிட்டு, பின்னர் மறந்துவிடுகின்றன.

பீடைகொல்லிகளின் பாதிப்புப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதப்படுவன பெரும்பாலும் எந்த நஞ்சைத் தடை செய்வது, எதனை அனுமதிப்பது என்ற விவாதத்துடனேயே நின்றுவிடுகின்றன. அவ்விவாதம் அவசியமானதே. ஆனால் அனுமதிக்கப்பட்ட பொருள் கடைத்தட்டில் கிடந்து என்னவாக மாறுகிறது என்பது அதற்கு எவ்வகையிலும் குறையாத வினா. தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது இருந்தவாறே ஓர் இரசாயனம் இரண்டு வருடங்களின் பின்னரும் இருக்கும் என்பது தானாக அமையும் உண்மையன்று. அது பரிசோதித்து நிரூபிக்கப்பட வேண்டியது. போத்தலில் அச்சிடப்பட்டுள்ள காலாவதித் திகதி அத்தகைய ஒரு பரிசோதனையின் முடிவேயாகும். அப்பரிசோதனை எந்த நிபந்தனைகளில் செய்யப்பட்டதோ அந்நிபந்தனைகள் மாறிவிட்டால் திகதிக்கும் பொருளில்லை.

அந்தப் பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்பது பயனுடையது. பீடைகொல்லி ஒன்றை இரண்டு வருடங்கள் அறை வெப்பநிலையில் வைத்திருந்து, இடையிடையே மாதிரி எடுத்துப் பகுத்தாய்வதே நேரடியான வழி. ஆயினும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதென்பதால், துரிதப்படுத்தப்பட்ட களஞ்சியப் பரிசோதனை என்றொரு முறையும் கையாளப்படுகிறது. உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் ஏற்றுக்கொண்ட நியமப்படி, பொருளை 54 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 14 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு வெப்பத்தைத் தாங்காத தயாரிப்புகளுக்கு 50 பாகையில் 4 வாரங்கள், 45 பாகையில் 6 வாரங்கள், 40 பாகையில் 8 வாரங்கள், 35 பாகையில் 12 வாரங்கள் என மாற்று அளவுகளும் உண்டு. முடிவில் மூலநஞ்சின் அளவு எவ்வளவு குறைந்துள்ளது, வேண்டாத புதிய பொருட்கள் ஏதும் தோன்றியுள்ளனவா, நீரில் கலக்கும்போது முன்னர் போல் கரைகிறதா அல்லது அடியில் வண்டலாகப் படிகிறதா என்பன அளக்கப்படுகின்றன.

இந்த அட்டவணையை ஒரு தடவை உற்று நோக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 35 பாகையில் 12 வாரங்கள் என்பது ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே உண்டாக்கப்படும் சோதனை நிலை. திருகோணமலையில் மே மாதம் தொடக்கம் ஓகஸ்ட் வரையிலான பகற்பொழுது பெரும்பாலும் இந்த அளவைத் தொட்டுக்கொண்டே செல்கிறது. அதுவும் நிழலில் அளக்கப்படும் வெப்பம். தகரக் கூரையின் கீழ், சாளரமற்ற சிறு களஞ்சிய அறையில் அது எவ்வளவு உயரும் என்பதை அவ்வறைக்குள் நண்பகலில் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய விவசாயிக்கு முன்னெச்சரிக்கையாக அமையும் சோதனை நிலை, நமது கடைக்காரருக்கு அன்றாட நிலைமையாக இருக்கிறது.

பரிசோதனையின் மறுபாதி கொள்கலனைப் பற்றியது. இதனைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. போத்தல் என்பது வெறும் உறை என்ற எண்ணமே அதற்குக் காரணம். உண்மையில் இரசாயனமும் அதன் பாத்திரமும் ஒன்றையொன்று ஓயாது தாக்கிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய்ப் பதமான பூச்சிநாசினிகளில் கரைப்பானாகச் சேர்க்கப்படும் சைலீன் போன்ற திரவங்கள் சாதாரண பொலியெதிலீன் சுவரினூடாக மெல்ல மெல்ல ஊடுருவி வெளியேறக் கூடியவை. போத்தலின் மூடி திறக்கப்படாமலே எடை குறையும். பக்கங்கள் உள்நோக்கி ஒடுங்கும். உள்ளே எஞ்சுவது சுட்டியில் எழுதப்பட்டதை விடச் செறிவு மாறிய ஒரு கலவை. இதனைத் தடுப்பதற்காகவே உட்சுவரைப் புளோரின் வாயுவால் பதப்படுத்துவதும், வேறு பிளாத்திக்குப் படைகளைச் சேர்த்துப் போத்தல் செய்வதும் வழக்கத்தில் உள்ளன. ஆதலால் ஒரு நிறுவனத்தின் போத்தலில் இரண்டு வருடம் நிலைக்கும் திரவம், வெற்றுக் குளிர்பானப் போத்தலிலும் அவ்வாறே நிலைக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

நம் விவசாயிகள் நன்கறிந்த கிளைபோசேற்றை எடுத்துக்கொள்வோம். 2015இல் தடை செய்யப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டு, மீண்டும் மீண்டும் அரசியல் விவாதத்துக்குள்ளான களைநாசினி அது. அதன் சுட்டிகளில் காணப்படும் ஓர் எச்சரிக்கையைப் பற்றி அவ்விவாதங்களில் எவரும் பேசியதாக நமக்கு நினைவில்லை. நாகமுலாம் பூசிய வாளியிலோ, உட்பூச்சற்ற சாதாரண உருக்குத் தாங்கியிலோ இதனைக் கலக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பதே அந்த எச்சரிக்கை. உலோகத்துடன் தாக்கமுற்று ஐதரசன் வாயு உண்டாகும். மூடிய பாத்திரத்தில் அவ்வாயு சேர்ந்தால், ஒரு பீடித் துண்டின் நெருப்பே வெடிப்புக்குப் போதுமானது. வயற்கரையில் மருந்து கலக்க எடுத்துச் செல்லப்படுவது எந்த வாளி என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

கொள்கலன் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இந்நாட்டில் வெகு தூரம் தேட வேண்டியதில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பாலான கடலில் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் சுமார் 25 தொன் நைத்திரிக் அமிலமும் அடக்கம். கொழும்பை அடையும் முன்னரே அமிலக் கொள்கலன் ஒன்று கசியத் தொடங்கியிருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹசிரா துறைமுகமும் அதனை இறக்கிக்கொள்ளவில்லை. கசிவைக் கையாளும் வசதியும் நிபுணத்துவமும் அங்கு உடனடியாக இல்லை என்பதே கூறப்பட்ட காரணம். மே 20ஆம் திகதி புகை கண்டறியப்பட்டது. ஜூன் மாதம் கப்பல் மூழ்கியது. பிளாத்திக்குத் துகள்கள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின, ஆமைகள் இறந்து கரையொதுங்கின, மீனவர்கள் தொழிலிழந்தனர். 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்குக் கட்டளையிட்டது.

இதில் நோக்கத்தக்கது யாதெனில், நைத்திரிக் அமிலம் கொள்கலனுக்கு இழைக்கும் தீங்கு எவரும் அறியாத இரகசியமன்று. ஆபத்தான பொருட்களைக் கொண்டுசெல்வது தொடர்பான ஐக்கிய நாடுகளின் விதிகளில், பொலியெதிலீன் கலன்களைச் சோதிப்பதற்கென ஆறு நியமத் திரவங்கள் குறிப்பிடப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றே 55 வீத நைத்திரிக் அமிலம். கொண்டுசெல்லப்படவுள்ள பொருளைக் கலனில் நிரப்பி ஆறு மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அல்லது உரிய நியமத் திரவத்தை நிரப்பி 40 பாகை வெப்பத்தில் மூன்று வாரங்கள் வைத்திருக்க வேண்டும். அதன் பின்னரே கலனை உயரத்திலிருந்து விழுத்திச் சோதிப்பார்கள். சாதாரண பிளாத்திக்குக் கலனுக்கு ஐந்து வருட ஆயுளை அனுமதிக்கும் அதே விதிகள், 55 வீதத்துக்கு மேற்பட்ட நைத்திரிக் அமிலம் என்றால் அதனை இரண்டு வருடங்களாகக் குறைத்துவிடுகின்றன. இவ்வளவு நுணுக்கமான விதிகள் இருந்தும் ஒரு கப்பல் எரிந்தது. விதி இருப்பதும், அவ்விதியின்படி இந்தக் கலன் இந்தக் கணத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் இருப்பதும் வெவ்வேறு விடயங்கள்.

ஆயினும் நமது விவசாயிகளுக்கும் சுகாதாரத் தொழிலாளர்களுக்கும் இதனை விட நெருக்கமான உதாரணம் ஒன்றுண்டு. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அச்சம்பவம் நம் மத்தியில் அதிகம் அறியப்படவில்லை. 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக வீடுகளின் சுவர்களுக்கு மலத்தியன் தெளிக்கும் பணியில் சுமார் 7,500 பேர் ஈடுபட்டிருந்தனர். மலத்தியன், மனிதருக்கு ஒப்பீட்டளவில் குறைந்த நஞ்சுடையது என்று கருதப்பட்டதனாலேயே வீட்டுக்குள் தெளிப்பதற்குத் தெரிவு செய்யப்பட்டது. ஆனால் அவ்வருடக் கோடையில் தெளிப்பாளர்கள் கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். கண் மங்கல், தலைச்சுற்று, வாந்தி, வயிற்று வலி. சுமார் 2,800 பேர் நஞ்சூட்டப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. ஐவர் மாண்டனர்.

ஆராய்ந்தபோது வெளிப்பட்டது இதுதான். பயன்படுத்தப்பட்ட தூள்களில் சில, களஞ்சியத்தில் இருந்த காலத்திலேயே உருமாறியிருந்தன. மலத்தியனின் ஒரு பகுதி ஐசோமலத்தியன் என்ற வேறொரு பொருளாகத் திரிந்திருந்தது. மனித உடலில் மலத்தியனைச் சிதைத்து வெளியேற்றும் நொதியங்கள் உள்ளன. ஐசோமலத்தியன் அந்நொதியங்களையே முடக்கிவிடுகிறது. காவலாளியைக் கட்டிப்போட்ட பின்னர் திருடன் நுழைவதைப் போன்றது இது. மலத்தியனின் அளவு சற்றுக் குறைந்திருந்தும் தூளின் நச்சுத்தன்மை பன்மடங்கு கூடியிருந்தது. எல்லா நிறுவனங்களின் தூளும் இவ்வாறு மாறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. மூலப்பொருள் ஒன்றேயாயினும், அதனுடன் கலக்கப்பட்ட துணைப்பொருட்கள் வேறுபட்டன. அவ்வேறுபாடே வெப்பமான களஞ்சியத்தில் ஒரு தூளை நிலைக்கச் செய்து, மற்றொன்றை நஞ்சாக்கியது. வெறுங்கையால் கலக்குதல், நனைந்த உடையுடன் நாள் முழுதும் நிற்றல் போன்ற பாதுகாப்பற்ற வேலைமுறையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. நச்சுத்தன்மை கூடிய தூள்கள் நிறுத்தப்பட்டு வேலைமுறையும் திருத்தப்பட்டதும் நோய் தணிந்தது. அதன் பின்னரே மலத்தியன் தூளுக்கான உலக சுகாதார ஸ்தாபனத்தின் நியமத்தில், களஞ்சியச் சோதனைக்குப் பின் ஐசோமலத்தியன் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு இறுக்கமாக்கப்பட்டது.

இலங்கையில் டீ.டீ.ரி.யைக் கைவிட்டு மலத்தியனுக்கு மாறியதும் அதே 1970களிலேயே. திருகோணமலை மாவட்டம் மலேரியாவுக்குப் பேர்போன பிரதேசமாக இருந்த காலம் அது. சுவர்களில் வெண்படலமாகப் படிந்த அத்தூளின் வாடை நமது மூத்தோருக்கு இன்றும் நினைவிருக்கும். 2016 செப்டெம்பரில் மலேரியாவற்ற நாடாக இலங்கை பிரகடனப்படுத்தப்பட்டது. அந்த வெற்றிக்காக முதுகில் தெளிகருவி சுமந்தவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருந்தனர்.

பாகிஸ்தான் அனுபவம் கற்பிக்கும் பாடம் பலரது நம்பிக்கைக்கு முரணானது. பழைய மருந்து என்றால் வேகம் குறைந்த மருந்து என்றே நாம் எண்ணுகிறோம். அதனாலேயே காலாவதியான போத்தலைக் கண்டால், அளவைச் சற்றுக் கூட்டி அடித்தால் போதும் என்ற முடிவுக்கு வருகிறோம். சில பொருட்களில் அது வீண் செலவு மட்டுமே. வேறு சில பொருட்களில் அது தெளிப்பவரின் உயிருக்கே உலை. எது எந்த வகை என்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது.

வேகம் குறைவதும் எப்போதும் அற்ப விடயமன்று. வெள்ளம் வடிந்த பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்கு ரி.சி.எல். இடுவது கிழக்கு மாகாண மக்களுக்குப் பழகிப்போன காட்சி. அப்பெயரின் விரிவே வெப்பமண்டலத்துக்குரிய வெளிற்றும் தூள் என்பதாகும். சாதாரண வெளிற்றும் தூள் நமது வெப்பத்தில் விரைவாகக் குளோரினை இழந்துவிடும் என்பதால், மேலதிகச் சுண்ணாம்பு சேர்த்து நிலைப்படுத்தப்பட்டது இது. களஞ்சியத்தில் நிலைத்திருப்பதற்கென்றே உருவான பொருள் எனலாம். ஆனாலும் ஈரம் புகுந்த உரப்பையில், கச்சேரி அறையின் மூலையில், அடுத்த வெள்ளம் வரும்வரை அது கிடந்தால் அதன் மூன்றில் ஒரு பங்கு வலிமையான குளோரினில் எவ்வளவு எஞ்சும்? அளந்து பார்க்காமல் வழக்கமான அளவையே கிணற்றில் இட்டு, நீர் பாதுகாப்பானது என்று குடும்பங்களுக்குக் கூறினால் வயிற்றோட்டத்துக்கு யார் பொறுப்பு? திரவக் குளோரின் நிலைமை இன்னும் மோசம். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அது சிதையும் வேகம் மூன்று மடங்குக்கும் மேலாகிறது. சிதையும்போது வாயு வெளிவருவதால், இறுக மூடிய சாதாரணப் போத்தல் வீங்கி வெடிக்கவும் கூடும்.

சட்டம் இல்லையா என்றால், உண்டு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பதிவு செய்யப்படாத பீடைகொல்லியை இங்கு இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. பதிவுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் தயாரிப்பின் இயல்புகளைப் பற்றிய தரவுகளைச் சமர்ப்பிக்க வேண்டும். களஞ்சிய நிலைப்பும் அவற்றுள் அடங்கும். பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் பேராதனையில் இயங்குகிறது. உயிராபத்து மிக்க பல நஞ்சுகளை இந்நாட்டிலிருந்து படிப்படியாக அகற்றி, ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த பெருமை அவ்வலுவலகத்துக்கு உண்டு. உலக நாடுகள் மெச்சிய சாதனை அது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று.

எமது முறைப்பாடு அந்த அலுவலகத்தின் கோப்புக்கும் கடைத்தட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றியது. கோப்பில் உள்ள தரவு, வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில், தொழிற்சாலைக் கொள்கலனில், முத்திரை உடையாத நிலையில் பெறப்பட்டது. கந்தளாய்ச் சந்தையிலோ மூதூர்க் கடைத்தெருவிலோ ஒரு லீற்றர் போத்தல் திறக்கப்பட்டு, வாங்க வந்தவரின் கைக்காசுக்கு ஏற்ப 100 மில்லிலீற்றர் சிறு போத்தலில் ஊற்றப்படும் அந்நிமிடத்திலேயே அத்தரவு செல்லாக்காசாகிவிடுகிறது. சுட்டியற்ற போத்தலில் பீடைகொல்லி விற்பது சட்டவிரோதம் என்பதைக் கடைக்காரர் அறிவார். முழுப் போத்தலின் விலையைக் கொடுக்க அந்த விவசாயியிடம் பணமில்லை என்பதையும் அவர் அறிவார். இரண்டாவது அறிவே வெல்கிறது. இதனைக் கடைக்காரரின் பேராசையென்று மட்டும் எழுதிவிடுவது நேர்மையாகாது. சிறு விவசாயிக்கு ஏற்ற சிறு பொதிகளை, உரிய கொள்கலனில், நியாய விலையில் நிறுவனங்கள் சந்தைப்படுத்தாதவரை இந்த வழக்கம் ஒழியாது.

மறுபுறத்தில், வெறுமையான கலன்கள் வீடுகளுக்குத் திரும்புகின்றன. 2013 ஜூலை 16ஆம் திகதி இந்தியாவின் பீகார் மாநிலம், சாரன் மாவட்டத்தில் பாடசாலை மதிய உணவை உண்ட 23 சிறுவர்கள் உயிரிழந்தனர். சமையல் எண்ணெயிலும் அது வைக்கப்பட்டிருந்த கலனிலும் மொனோகுரோட்டோபொஸ் என்ற பூச்சிநாசினி இருந்தமை தடயவியல் பரிசோதனையில் தெரியவந்தது. அந்நஞ்சை இலங்கை 1995இலேயே தடை செய்துவிட்டது என்பது நமக்கு ஆறுதல். நஞ்சின் சுவருக்குள் ஊறிய பிளாத்திக்குக் கலனை எவ்வளவு கழுவினாலும் அது உணவுக்கு உகந்ததாகாது என்ற உண்மை மட்டும் எல்லா நாட்டுக்கும் பொது.

2021 மே மாதம் இரசாயன உர, பீடைகொல்லி இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் விவசாயி பட்ட பாட்டை மீண்டும் விபரிக்கத் தேவையில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் எவரும் திகதி பார்த்து வாங்குவதில்லை. கிடைத்ததை வாங்குவார்கள். இன்றும் கடல்வழியாகக் கடத்திவரப்படும் களைநாசினிகளைக் கடற்படையினர் கைப்பற்றும் செய்திகள் வந்தவண்ணமுள்ளன. படகின் வெயிலில் கிடந்து, உப்புக் காற்றில் ஊறி வந்த அப்பொதிகளுக்குக் களஞ்சியச் சோதனை ஏது? கைப்பற்றப்பட்டவை எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படுகின்றன என்ற வினாவும் எழுகிறது. 2015இல் சென்னையில் சுங்கத்தினர் கைப்பற்றிய சுமார் 740 தொன் அமோனியம் நைத்திரேற்று, மணலியில் உள்ள கொள்கலன் நிலையத்தில் ஐந்து வருடங்கள் கிடந்தது. 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்து 200க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, அது அவசரமாக ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது. பறிமுதல் செய்த பொருளும் களஞ்சியத்தில் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை அதிகாரிகள் உணர ஒரு நகரம் சிதைய வேண்டியிருந்தது.

இந்நிலையில் பெரும் செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள்ளன. பதிவின்போது மட்டுமன்றி, விற்பனையிலுள்ள போத்தல்களிலிருந்தும் வருடந்தோறும் மாதிரி எடுக்க வேண்டும். அவை கொழும்பின் குளிரூட்டிய களஞ்சியத்திலிருந்து அல்லாமல், வறண்ட வலயத்தின் கடைகளிலிருந்து, அதுவும் ஓகஸ்ட் மாத முடிவில் எடுக்கப்பட வேண்டும். மலைநாட்டுப் பேராதனையின் இதமான காற்றில் இருந்துகொண்டு கிழக்கின் வெப்பத்தை மதிப்பிடுவது கடினம். ஒரு கடைக்குள் நாளின் உச்ச வெப்பம் எவ்வளவு என்பதை அறிய சில நூறு ரூபா பெறுமதியான வெப்பமானி போதும். விற்பனை உரிமம் வழங்கும்போது அதனை நிபந்தனையாக்கலாம். ரி.சி.எல். கையிருப்பின் குளோரின் வலிமையை வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் ஒரு தடவை அளந்துவிடலாம். அதற்கான பகுப்பாய்வைப் பாடசாலை இரசாயனவியல் கூடத்தில் உயர்தர மாணவனே செய்ய வல்லவன்.

பெரும்போகத்துக்கான விதைப்பு ஒக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்னர் இம்மாவட்டத்தின் கடைகளில் மாதிரிகள் எடுக்கப்பட்டு, எந்தத் தயாரிப்பு தேறியது, எது தேறவில்லை என்ற பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் கமநல சேவை நிலையங்களின் அறிவித்தற் பலகைகளில் ஒட்டப்பட வேண்டும். தேறாத தொகுதியின் இலக்கமும் அதில் இருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர் தமது போத்தலைத் திருப்பிப் பார்ப்பதற்கு அந்த இலக்கம் தேவை.